பொழுதுபோக்கு என்னும் பிழை

நாணயம் சேர்ப்பதையும் மழையை அளந்து எழுதுவதையும் 'பொழுதுபோக்கு' என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். பொழுதைப் போக்குவனவா இவை? அல்ல, போன பொழுதைக் காப்பன.

கோல சிலாங்கூர் வட்டாரப் பால்மரத் தோட்டங்களில் விடியலில் மழை பெய்தால் மரம் சீவ இயலாது. சீவாத நாளில் கூலியில்லை என்பதே நெடுங்கால நிலை. அங்கே மழைக்கணக்கு வயிற்றுக்கணக்கு. அம்மக்கள் கைமாறிய சதுர ஒரு காசு 1962இல் வட்டமாயிற்று. ஜப்பானியரின் வாழைமரப் பத்து வெள்ளி நோட்டோ 1945இல் வெறுந்தாளாயிற்று. இவற்றைப் பாட்டியின் தகரப்பெட்டியில் கண்டும் குப்பையென வீசும் பிள்ளை, எந்த வரலாற்றைப் படித்து என்ன பயன்?

'தேர்வுக்கு உதவாதே' என்பர் சிலர். நாளிதழ் ஆசிரியரான இரா. கிருஷ்ணமூர்த்தி சேர்த்த காசுகளில் ஒன்றில் 'பெருவழுதி' என்னும் பெயர் இருந்தது. சங்கப் பாடல்களில் நாம் படிக்கும் பாண்டியர் பெயருக்கு அச்சிறு காசு சான்றாயிற்று. தேர்வுக்காகவா அவர் சேர்த்தார்?

பெருஞ்செலவும் வேண்டா. நேர்ச்சுவருடைய தகரக் குவளை, அளவுகோல், குறிப்பேடு, நாள் தவறாத ஒழுங்கு ஆகியவை போதும். 'என் பொழுதுபோக்கு' என்று மனப்பாடக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்களே, முதலில் ஒரு நாள் மழையை அளக்கச் சொல்லுங்கள். கட்டுரையைப் பிறகு கேளுங்கள்.