தோள் இறங்கினால் இழுத்துவிட்டால் போதுமா?

"தோள் இறங்கிடுச்சு, இழுத்து விட்டா சரியாயிடும்." தாம்பரம், மேடவாக்கம் பக்கம் கபடி ஆடுபவர்களிடம் சாதாரணமாகக் கேட்கக்கூடிய பேச்சு இது. ரெய்டு போனவரின் கையை எதிரணி பிடித்துப் பின்னால் இழுக்கும்போது, மூட்டிலிருந்து எலும்பு முன்பக்கமாக நழுவுகிறது. வலி குறைந்ததும் அடுத்த ஞாயிறே மறுபடி களம். சிக்கல் அங்கேதான்.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது, டீ சாஸரில் கிரிக்கெட் பந்தை வைத்த மாதிரி. விளிம்பில் இருக்கும் 'லேப்ரம்' என்ற வளையம்தான் பந்தை நழுவாமல் பிடித்திருக்கிறது. முதல்முறை நழுவும்போதே அது பெரும்பாலும் கிழிந்துவிடும். எலும்பை உள்ளே தள்ளுவதால் கிழிசல் சரியாகிவிடாது. "சின்னப் பையன், சீக்கிரம் ஆறிடும்" என்பதும் தப்புக் கணக்கு. மறுபடி நழுவும் ஆபத்து அதிகம் இருப்பதே 20 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. சிலருக்கு பிசியோதெரபியே போதும். தேவைப்படுபவர்களுக்கு, சிறு துளை வழியே லேப்ரத்தை எலும்போடு சேர்த்துத் தைப்பது 'பேங்கார்ட்' முறை. பலமுறை நழுவி கிண்ணத்தின் எலும்பே தேய்ந்துவிட்டால் அது போதாது. பக்கத்து எலும்பில் ஒரு துண்டை வெட்டி முன்விளிம்பில் திருகி வைக்கும் 'லட்டார்ஜே' செய்ய வேண்டிவரும். தள்ளிப்போட்டால் ஆபரேஷன்தான் பெரிதாகும்.

ஸ்ரேயஸ் ஐயருக்கு 2021 மார்ச் 23-ல் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராக ஃபீல்டிங் செய்தபோது இடது தோள் விலகியது. ஏப்ரலில் ஆபரேஷன், செப்டம்பரில் ஐபிஎல், நவம்பரில் அறிமுக டெஸ்ட்டிலேயே சதம். ஆனால் டெல்லி அணியின் கேப்டன் பதவி ரிஷப் பந்திடம் போனது போனதுதான்.

பின்னால் கிரிக்கெட் வாரியம் இருந்தவருக்கே இந்த இழப்பு. பகலில் டெலிவரி பைக் ஓட்டி, மாலையில் கபடி ஆடும் பையனுக்கு? மோதல் ஆட்டத்துக்குத் திரும்ப பொதுவாக 4 முதல் 6 மாதம் ஆகும். முதல் சில வாரங்கள் கை ஸ்லிங்கில், பைக்கையே தொட முடியாது. கண்ணகி நகர் கார்த்திகா ஆடிய இந்திய அணி 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் தங்கம் வென்றது; தமிழக அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3%. இந்தக் கனவில் இருப்பவர் ஒரு சீசனை விட மனசில்லாமல் வலியை மறைப்பதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கோப்பைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் செலவு செய்யும் போட்டி அமைப்பாளர்கள், வீரர்களுக்கு விபத்துக் காப்பீடும் எடுக்கலாம். தோள் நழுவியவரை எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ முடிந்து டாக்டர் சொல்லும்வரை களத்தில் இறக்கக் கூடாது என்று விதி போட அவர்களுக்குப் பத்து பைசா செலவில்லை.