பவளத்துக்கும் சூடு ஆகாது!

கடலை வீட்டுக்குள் கொண்டு வர இப்போது பலர் ஆசைப்படுகிறார்கள்.

கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர். அதற்குள் வண்ண மீனும் பவளமும்! பார்க்க அழகுதான். குழந்தைகள் தொட்டியை விட்டு நகரவே மாட்டார்கள்.

ஆனால், விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் போன்ற ஊரில் இந்தத் தொட்டியை வைத்தால் என்ன ஆகும்? அங்கே கோடை வெயில் 40 டிகிரியைத் தொடுவது உண்டு. தொட்டித் தண்ணீரோ 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 30ஐத் தாண்டினால் ஆபத்து.

ஆகவே, மீன் வாங்கும் முன்பு குளிர்ச்சிக்கு வழி செய்யுங்கள். வழி இல்லை என்றால், கடல் தொட்டியே வேண்டாம். இதுதான் என் கருத்து.

வெளுத்தால் ஆபத்து

பவளம் கல் அல்ல. உயிருள்ள பிராணி. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து, பவளத்துக்கும் பங்கு கொடுக்கிறது.

வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தாலே போதும். பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுத்துப் போகும். சூடு தணியாவிட்டால் பட்டினியால் சாகும்.

"நம் கடலே சூடான கடல்தானே? தொட்டிக்கு எதற்குக் குளிர்ச்சி?" என்று சிலர் கேட்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி, அங்குள்ள பவளங்கள் வெளுத்தன. பரந்த கடலுக்கே இந்தக் கதி என்றால், 100 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்? கடல் மெல்ல மெல்லச் சூடேறும். தொட்டியோ காலையில் குளிர்ந்திருக்கும், மாலைக்குள் சூடாகிவிடும்.

பானை சொல்லும் பாடம்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். மண்பானையில் தண்ணீர் குளிர்கிறது. பீங்கான் ஜாடியில் அப்படிக் குளிர்வது இல்லை. ஏன்?

மண்பானையில் நுண்ணிய துளைகள் உண்டு. தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பளபளப்புப் பூச்சு உள்ள பீங்கானில் கசிவு கிடையாது.

கண்ணாடித் தொட்டியும் பீங்கான் ஜாடி மாதிரிதான். ஆவி போக மேல்பக்கம் ஒன்றுதான் வழி. அதையும் மூடிவிடாதீர்கள். மீன் துள்ளி விழாமல் இருக்க வலை போடுங்கள். தண்ணீரின் மேல் காற்று படும்படி சிறிய மின்விசிறி ஒன்றை வையுங்கள்.

100 லிட்டர் தண்ணீரில் 1 லிட்டர் ஆவியானால், அது கொண்டு போகும் சூடு 5 டிகிரிக்கு மேல். அறையின் சூடு திரும்ப உள்ளே புகுவதால் முழுப் பலனும் கிடைக்காது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பலன் இன்னும் குறையும். எனவே தெர்மாமீட்டரைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்குச் சுத்திகரித்த நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஐஸ் கட்டிகளை அள்ளிப் போடாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியும் தீங்குதான். தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும். அந்த நேரத்தில் மின்சாரமும் நின்றுவிட்டால் மீன்கள் திணறும். ஆகவே பாட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மின்விசிறி போதாத இடத்தில் குளிர்விக்கும் இயந்திரம்தான் வழி. அதன் விலையையும் மின்கட்டணத்தையும் முதலிலேயே கணக்குப் பாருங்கள். பாதியில் கைவிட்டால், பலியாவது வாயில்லாப் பிராணிகள்!

சட்டமும் உண்டு

கடலில் பாறை கட்டும் பவளங்கள், 2001ம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள காவல் பவளத்துக்கும் உண்டு. நம் கடலில் அதைப் பெயர்ப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

அழகுக்குப் பவளம்தான் வேண்டுமா? மண்டபத்திலும், விருத்தாசலம் உள்ள அதே கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையிலும், ஆராய்ச்சியாளர்கள் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்த மீன், பவளம் இல்லாமலும் வாழும். ஒரு ஜோடி போதும், குழந்தைகள் மகிழ!

அந்த ஜோடிக்கும் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். கோடையில் ஒருமுறை, வெறும் தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் அளந்து பாருங்கள். தண்ணீர் 27ஐத் தாண்டாமல் நின்றால் மீன் வாங்குங்கள். நிற்காவிட்டால், பணம் மிச்சம், உயிரும் மிச்சம்!