யாரிடமும் சொல்லாதே!

“யாரிடமும் சொல்லாதே” என்று கூறிவிட்டுத் தோழி ஒருத்தி தன் துயரத்தை நம்மிடம் சொல்கிறாள். நாமும் வாக்களிக்கிறோம். அவ்வாக்கைக் காப்பதே நட்பின் இலக்கணம் என்று எண்ணுகிறோம். எல்லா நேரங்களிலும் அது சரியாகுமா? இரகசியங்களுள் காக்க வேண்டியவையும் உண்டு. காக்கக் கூடாதவையும் உண்டு என்பதே என் கருத்து.

10 முதல் 19 வயது வரை உள்ள காலத்தை வளரிளம் பருவம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இப்பருவத்தினருள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு உள்ளது என்றும் அது கூறுகிறது. நாற்பது பேர் பயிலும் வகுப்பில் ஐந்தாறு பேர் என்று இதனைக் கணக்கிடலாம். உணர்ச்சிகளைத் தூண்டும் மூளைப்பகுதிகள் இப்பருவத்தில் விரைந்து செயல்படுகின்றன. அவற்றை நெறிப்படுத்தும் முன்பகுதியோ ஏறத்தாழ 25 வயதில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. ஆகவே, சிறு தோல்வியும் பெருந்துயராகத் தோன்றுவது இயற்கை. அதனைக் கோழைத்தனம் என்று இகழ்வது அறியாமை.

தந்தையின் பணியிட மாற்றத்தால் சென்னையிலிருந்து போபாலுக்கு வந்து, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியை எண்ணிப் பாருங்கள். பழைய தோழியர் தொலைவில் இருக்கின்றனர். வகுப்பில் பிறர் இந்தியில் பேசிச் சிரிப்பது அவளுக்குப் புரிவதில்லை. உணவு இடைவேளையில் தனியே அமர்கிறாள். இரவில் உறக்கம் வருவதில்லை. விரும்பி வரைந்த ஓவியங்களையும் நிறுத்திவிட்டாள். வீட்டில் கேட்டால், “தலைவலி” என்கிறாள். இரு வாரங்களுக்கும் மேலாக இந்நிலை நீடித்தால் அது வெறும் சோர்வு அன்று. உதவி தேவை என்பதன் அறிகுறி. அவள் ஒருநாள், “நான் இல்லாமல் போனாலும் யாருக்கும் கவலையில்லை” என்று உங்களிடம் மட்டும் சொன்னால் என்ன செய்வீர்கள்?

அச்சொல்லை மறைத்து வைப்பது நட்பாகாது. “வாக்குத் தவறினால் அவள் என்னை வெறுப்பாளே” என்று சிலர் தயங்கலாம். அத்தயக்கம் நியாயமானதே. எனினும், அவளுடைய சினம் நாளடைவில் தணியும். உயிருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்ய இயலாது. மேலும், அவ்வளவு பெரிய சுமையைப் பதினான்கு வயதுத் தோள்கள் தனியே தாங்கவும் முடியாது. நட்புக்கெனத் தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவரும், நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்கு மட்டும் உரியதன்று என்றே அறிவுறுத்துகிறார்.

அதற்காக, அவள் அறியாமல் கோள் சொல்ல வேண்டும் என்பதில்லை. முதலில், இடைமறிக்காமல் கேளுங்கள். “இதற்கெல்லாமா அழுவது?” என்று கூறாதீர்கள். பிறகு, “இதை நாம் இருவர் மட்டும் சுமக்க முடியாது, வா, சேர்ந்தே போய்ச் சொல்வோம்” என்று அழையுங்கள். பெற்றோர், வகுப்பாசிரியர், பள்ளி ஆலோசகர் ஆகியோருள் அவள் நம்பும் ஒருவரிடம் உடன் செல்லுங்கள். அவள் வர மறுத்தாலும், நீங்கள் அன்றே சென்று சொல்லுங்கள். இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், ‘டெலி மானஸ்’ என்னும் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம், தமிழிலும் பேசலாம்.

பெரியவர்களுக்கும் இதில் கடமை உண்டு. சொல்ல வந்த பிள்ளையிடம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அப்பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாம், மனம் வாடினால் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

மாணவர்களே! பிறந்தநாள் பரிசு பற்றிய இரகசியத்தைக் காத்து வையுங்கள். நண்பரின் உயிரையோ உடலையோ வருத்தும் இரகசியத்தை உடனே உரியவரிடம் கொண்டு சேருங்கள். அதுவே உண்மையான நட்பு.

சிந்தித்து எழுதுக

1. காக்கக் கூடாத இரகசியம் என்று ஆசிரியர் எதனைக் குறிப்பிடுகிறார்? ஏன்?
2. உங்கள் வகுப்பிற்குப் புதிதாக வந்த ஒருவர் தனித்திருந்தால், நீங்கள் செய்யக்கூடிய மூன்று செயல்களை எழுதுக.
3. ‘வாக்குத் தவறுதல் எந்நிலையிலும் குற்றமே’ – இக்கூற்றை ஏற்கிறீர்களா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.