மாத்திரை கொடுத்தால் போதுமா?

சீட்டில் ‘1-0-1’ என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மதியம் வேண்டாம் என்று அர்த்தம். இதை எத்தனை பேருக்கு வாய்விட்டுச் சொல்கிறார்கள்?

பண்ணைப்புரம் பக்கத்துச் சேரிகளில் நாங்கள் பார்ப்பது இது. பெண்கள் விடியும் முன்பே ஜீப் ஏறி மலைக்கு மேல் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். சர்க்கரை மாத்திரையை ‘காலை சாப்பாட்டுக்கு முன்’ என்றதால் கிளம்பும்போதே விழுங்கிவிடுகிறார்கள். தூக்குச்சட்டியைத் திறக்கப் பல மணி நேரம் ஆகும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். மலைச்சரிவில் அது உயிருக்கே ஆபத்து. “எத்தனை மணிக்கும்மா சாப்பிடுவீங்க?” என்று கேட்டிருந்தால் மருத்துவரே நேரத்தை மாற்றித் தந்திருப்பார்.

ஏன் கேட்பதில்லை? கூட்டம் என்கிறார்கள். கூட்டம் உண்மைதான். ஆனால் அதே வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரருக்குப் பதில் கிடைக்கிறது. நம் அம்மாக்களுக்கு “உனக்குச் சொன்னா புரியுமா?” என்ற கேள்விதான் கிடைக்கிறது. நமக்குப் படிப்பு ஏறாது என்று சொன்ன அதே பழைய குரல்!

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிய பிறகே நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், புரியும் மொழியில் தகவலையும் சாதிப் பாகுபாடற்ற சிகிச்சையையும் உரிமை என்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வரவேற்கிறோம். விளக்கமும் கூடவே வர வேண்டும். தலைசுற்றல் நின்றதும் பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறவருக்கு, தொந்தரவு தெரியாமலே பிரஷர் ஏறும் என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்பது உலகெங்கும் உள்ள எளிய முறை. அது நோயாளிக்கு வைக்கும் பரீட்சை இல்லை, சொன்னவருக்கு வைக்கும் பரீட்சை.

தோழர்களே, கல்லூரி விடுமுறையில் உங்கள் தெருப் பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நோய்? மாத்திரை எப்போது, எத்தனை நாள்? என்ன செய்தால் உடனே வர வேண்டும்? மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.