பொம்மை அலை

1977-ம் வருஷத்து ஜேம்ஸ் பாண்டு படம் ஒன்றில், கனடாவிலுள்ள அஸ்கார்ட் மலையுச்சியிலிருந்து ரிக் சில்வெஸ்டர் என்பவர் பனிச்சறுக்குக் கட்டைகளுடன் மெய்யாகவே பாய்ந்தார். பாரசூட் விரியும் வரையில் நமக்கு மூச்சு ஓடாது.

அதே வரிசையில் இருபதாவதாக, 2002-ல் வெளிவந்த 'டை அனதர் டே' படத்தைப் பாருங்கள்! பனிப்பாறை இடிந்து விழுகிறது, பேரலை கிளம்புகிறது, பாண்டு ஒரு தகட்டின் மேல் நின்று, பாரசூட்டைப் பற்றிக்கொண்டு, உல்லாஸமாக அலைச் சவாரி செய்கிறார். அலை கம்ப்யூட்டர் தீட்டியது; ஆசாமியும் அப்படியே. பள்ளிக்கூடத்துப் பையன்கள்கூட ஏமாறமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத மோட்டார் கார் வேறு! (அதையாவது நாம் பார்க்கவேண்டியதில்லை.)

பியர்ஸ் பிராஸ்னனை நோவானேன்? அபாயமே இல்லாத இடத்தில் அவர் தைரியத்தை எப்படிக் காட்டுவார்? அவருக்கு அதுவே கடைசி பாண்டு வேஷம். 2006-ல் 'காஸினோ ராய'லில் வேறொரு பாண்டு வியர்க்க வியர்க்க ஓடினார்.