பி0303 வந்தால் உடனே காயில் மாத்தணுமா? 'செக் இன்ஜின்' லைட் சொல்வதும் சொல்லாததும்

சிக்னலில் நிற்கும்போது கார் லேசாக நடுங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிக்கப் இல்லை. டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் எரிகிறது. பட்டறைக்குப் போனால், "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது சார்" என்று ஸ்கேனரை மாட்டுகிறார்கள். பி0303 என்று கோட் வருகிறது. "மூணாவது காயில் போச்சு, மாத்திடலாம்."

சிக்கல் இந்தக் கடைசி வரியில்தான். ஏன்னா, பி0303 காயிலைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை!

கார் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து, போதுமான அழுத்தத்தில், சரியான நேரத்தில் தீப்பொறி பட்டு எரிய வேண்டும். எரியாமல் போனாலோ, அரைகுறையாக எரிந்தாலோ அதுதான் மிஸ்ஃபயர்.

4 சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை எரிய வேண்டும். நான்கும் சேர்த்து 100 முறை. இதில் எது தவறியது என்று சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க காருக்குக் கண் கிடையாது. கிராங்க்‌ஷாஃப்ட் சுற்றும் வேகத்தை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை எரியும்போதும் கிராங்குக்கு ஒரு தள்ளு கிடைக்கும். தள்ளு வராத நேரத்தில் வேகம் துளி குறையும். அந்த நேரத்தில் யாருடைய முறை என்பது இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்த சிலிண்டர் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

கோடைப் படிப்பது எப்படி?

'பி' என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. அடுத்த 0, எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோட் என்பதைச் சொல்கிறது. 3 என்றால் இக்னிஷன் அல்லது மிஸ்ஃபயர். கடைசி இரண்டு இலக்கம் சிலிண்டர் நம்பர். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நான்காவது. பி0300 வந்தால், ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறியோ பல சிலிண்டர்களிலோ மிஸ் ஆகிறது என்று அர்த்தம்.

ஆக, பி0303 சொல்வது இது மட்டுமே: "மூணாவது சிலிண்டர் வேலை செய்யல." காரணம் காயிலாக இருக்கலாம். ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன் குறைந்த வால்வு... எதுவாகவும் இருக்கலாம்.

பைசா செலவில்லாத சோதனை

இன்றைய பல கார்களில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனி காயில். மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டு, முதல் காயிலை மூன்றாவதில் மாட்டிவிட்டு, கோடை அழித்து ஓட்டிப் பார்த்தால் போதும். இப்போது பி0301 வந்தால் குற்றவாளி காயில்தான். மறுபடி பி0303 வந்தால் காயில் மேல் தப்பில்லை. அடுத்து பிளக்கை இதேபோல இடம் மாற்றிப் பார்க்கலாம். அதிலும் மாறவில்லையா? இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். இந்த வரிசையில் போனால் தேவையில்லாத ஒரு பார்ட்டும் வாங்க வேண்டியதில்லை.

கூட வரும் கோடுகளும் முக்கியம். பி0353 சேர்ந்து வந்தால் மூன்றாவது காயில் சர்க்யூட்டில் கோளாறு. பி0203 என்றால் இன்ஜெக்டர் சர்க்யூட். பி0300-உடன் பி0171 வந்தால் பெட்ரோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ போகிறது. எங்கோ வாக்யூம் லீக் இருக்கலாம், ஃபியூயல் பம்ப் பலவீனமாக இருக்கலாம். அங்கே நாலு காயிலையும் மாற்றினாலும் நடுக்கம் நிற்காது.

லைட் மின்னினால்?

லைட் நிலையாக எரிந்தால் பட்டறைக்குப் போக நேரம் இருக்கிறது. விட்டு விட்டு மின்னினால் உடனே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் உள்பகுதியையே உருக்கிவிடும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கும் பார்ட் அது. விலை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தப்பு மெக்கானிக் மேல் மட்டுமா?

இல்லை என்பதுதான் என் கருத்து. கோடைப் படிக்க ரெண்டு நிமிஷம். காரணத்தைத் தேட ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால், "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு காசு?" என்கிறோம். பார்ட்டுக்கு மட்டும் பில் போட முடிகிற இடத்தில் பார்ட்தான் மாறும். டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிற மாதிரி, கண்டுபிடிப்பதற்கும் கொடுக்க நாம் பழக வேண்டும்.

பதிலுக்கு மூன்று விஷயங்களைத் தயங்காமல் கேளுங்கள். ஒன்று, கோடை அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையை ஒரு போட்டோ. கோளாறு வந்த நேரத்தில் இன்ஜின் வேகம், சூடு எவ்வளவு என்ற 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பதிவும் அதில் வேண்டும். அழித்தால் அதுவும் போய்விடும். இரண்டு, "அண்ணே, என்ன டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்க?" மூன்று, ஜாப் கார்டில் கோட் நம்பர், செய்த சோதனை, மாற்றிய பார்ட் மூன்றும் எழுத்தில்.

கார் கம்பெனிகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தே இந்த ஓபிடி-2 கட்டாயம். இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரலில் வந்தது. வந்த காரணம் காற்று மாசு. எரியாத பெட்ரோல் புகையாக வெளியேறுவதைப் பிடிக்கத்தான் மிஸ்ஃபயரையே கண்காணிக்கிறார்கள். அந்தத் தகவல் காரின் உள்ளேயே இருக்கிறது. பாட்டு, மேப் எல்லாம் காட்டும் பெரிய திரையில் "3-வது சிலிண்டரில் மிஸ்ஃபயர்" என்று ஒரு வரி காட்ட என்ன தடை? மாசசூசெட்ஸ் மக்கள் 2012-லேயே கார் ரிப்பேர் தகவல் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கணும் என்று வாக்களித்துவிட்டார்கள். இங்கே மத்திய அரசு 2022-ல் 'ரிப்பேர் உரிமை' இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. இணையதளத்தோடு நிற்காமல் அது சட்டமாக வேண்டும்.

அதுவரை, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மாட்டும் சின்ன புளூடூத் அடாப்டரும் உங்கள் போனுமே போதும். கோடைப் படியுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழிக்கும் பட்டனை மட்டும் தொடாதீர்கள். பட்டறைக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.