9.8 வந்தா பாஸ்

பிளஸ் ஒன் பிராக்டிக்கலில் தனி ஊசல் செய்யாத சயின்ஸ் குரூப் ஆள் கிடையாது. ஸ்டாண்டில் ஒரு நூல், நூலில் ஒரு குண்டு, கையில் ஸ்டாப்வாட்ச். 20 அலைவுக்கு நேரம் எடு, 20-ஆல் வகு, சூத்திரத்தில் போடு. ரெக்கார்ட் நோட்டின் கடைசியில் 'முடிவு' என்று ஒரு வரி, அதில் புவியீர்ப்பு முடுக்கம் என்று ஒரே ஓர் எண். அது 9.8-க்குப் பக்கத்தில் இருந்தால் மார்க். இல்லையென்றால், "என்னடா 9.4 வருது? திருப்பி எடு."

திருப்பி எடுக்க நேரம் இருக்காது. அதனால் பிள்ளைகள் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை 'வர வைப்பார்கள்'. மயிலாப்பூரில் படித்தவரைக் கேளுங்கள், அடையாறில் படித்தவரைக் கேளுங்கள், தி.நகர் டியூஷன் சென்டர் வாசலில் நிற்பவரைக் கேளுங்கள். 'வர வைக்கிற' வித்தை எல்லாருக்கும் தெரியும்.

இதற்காகப் பிள்ளைகளைத் திட்ட நான் வரவில்லை. அவர்கள் புத்திசாலிகள், என்ன கேட்கிறார்களோ அதைக் கொடுக்கிறார்கள். நம் லேப் கேட்கிற கேள்விதான் மோசடியானது. "நீ என்ன பார்த்தாய்?" என்று அது கேட்பதில்லை. "எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை நீ பார்த்தாயா?" என்றுதான் கேட்கிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நூல் 1 மீட்டர் என்றால் ஓர் அலைவுக்குச் சுமார் 2 வினாடி. கண் பார்த்து விரல் அழுத்த 0.2 வினாடி போலத் தாமதம். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அதே தாமதம் என்றால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆனால் அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தை 0.1 வினாடி என்று வைப்போம். ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்தால் 2 வினாடியில் 0.1, அதாவது 5 சதவீதம். முடுக்கம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அங்கே அது 10 சதவீதம் ஆகிறது. 20 அலைவு எடுத்தால் அதே 0.1 வினாடி 40 வினாடியில் பங்காகிறது. இப்போது முடுக்கத்தில் அரை சதவீதம்தான், சுமார் 0.05. எதற்கு 20 அலைவு என்பதற்கு இதுதான் காரணம். ரெக்கார்டில் அப்படியே காப்பி செய்யும் அந்த 'செய்முறை' பத்தியைத் தாண்டி இந்தக் காரணத்தை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தோம்?

எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். குண்டு 5 சென்டிமீட்டர் விலகி ஆடுகிறது என்று வைப்போம். ஓரத்தில் அது திரும்பும்போது கடைசி 1 மில்லிமீட்டருக்குள்ளேயே கிட்டத்தட்ட 0.13 வினாடி தங்குகிறது. நடுவில் அதே 1 மில்லிமீட்டரை 0.006 வினாடியில் கடந்துவிடுகிறது. ஓரத்தைப் பார்த்து ஸ்டாப்வாட்ச் அழுத்துபவருக்கு எது திரும்பிய கணம் என்றே தெரியாது. நடுக்கோட்டைப் பார்ப்பவருக்குக் குழப்பம் குறைவு. இன்னொன்று: 10 டிகிரி வரை இழுத்துவிட்டால் அலைவுக் காலம் 0.19 சதவீதம் நீள்கிறது. இதை ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் போகாது. முதல் வகை சிதறல், இரண்டாவது சாய்வு. 20 என்று நினைத்து 19 எண்ணுவது இரண்டிலும் சேராது, அது வெறும் தவறு. இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி, வைவாவில் கேட்டால் 'மனிதப் பிழை சார்' என்று சொல்ல வைக்கிறோமே, அதைவிடச் சோம்பேறித்தனமான பதில் அறிவியலில் இல்லை.

ஸ்டாப்வாட்ச் 40.17 என்று காட்டுகிறதே என்பீர்கள். அது கருவியின் பெருந்தன்மை, உங்கள் விரலின் திறமை இல்லை. போன் ஸ்டாப்வாட்சில் இன்னும் வேடிக்கை. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கிற திரை, வினாடியில் நூறில் ஒரு பங்கு ஓடுவதைக் காட்டுவதுபோல் பாவனை செய்கிறது. நூறில் சுமார் நாற்பது இலக்கங்களை அது வரைவதே இல்லை.

இதைவிடப் பெரிய கூத்து, 9.8 நம் ஊர் எண்ணே இல்லை என்பது. சென்னையின் அட்சரேகையில், கடல் மட்டத்தில், புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.78. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20 அலைவில் 0.035 வினாடி. விரலால் அதைப் பிடிக்க முடியாது. ஆக, நேர்மையாக 9.75 எழுதியவள் சென்னையைச் சரியாகவே அளந்திருக்கிறாள். 'ஏன்மா குறையுது' என்று கேட்டு 9.8 ஆக்க வைத்தவர் அவளை உண்மையிலிருந்து நகர்த்தியிருக்கிறார்.

இந்த ஊருக்கு இது புதிய விஷயமும் இல்லை. நுங்கம்பாக்கத்தில், இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில், 1792-இல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. அங்கே கம்பெனியின் வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்காம், நம் லேபில் இன்றும் செய்கிற இரண்டு காரியங்களைச் செய்தார். ஒன்று ஊசல், அது 1822-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. லண்டனில் வினாடி தட்டுகிற ஊசல், இங்கே வினாடி தட்ட வேண்டுமானால் சுமார் 3 மில்லிமீட்டர் குட்டையாக வேண்டும். அப்படியே கொண்டுவந்தால் அந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும்.

இன்னொன்று ஒலியின் வேகம். கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி சுடுவார்கள். நுங்கம்பாக்கத்தில் வெளிச்சத்தைப் பார்த்து, சத்தம் கேட்கும்வரை நேரத்தை எண்ண வேண்டும். கோட்டை 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சுமார் 12 வினாடி. பரங்கிமலை சுமார் 9 கிலோமீட்டர், 26 வினாடி. 0.1 வினாடி தடுமாற்றம் முதலாவதில் 0.8 சதவீதம், இரண்டாவதில் 0.4. நம் 20 அலைவின் தர்க்கமேதான் இது, ஊசலுக்குப் பதில் ஊர். 1820, 21-இல் திரும்பத் திரும்ப அளந்து, அன்றைய வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றோடு சேர்த்துப் பட்டியலிட்டு 1823-இல் வெளியிட்டார். மாதச் சராசரிகள் ஒன்றுபோல் இல்லை. குளிர் மாதங்களில் குறைவு, வெயிலில் அதிகம். ஒத்துவராத நாட்களை 'வர வைத்திருந்தால்' அந்த வித்தியாசமே நமக்குத் தெரிந்திருக்காது.

அளப்பவரைத் தண்டிக்கும் வழக்கமும் பழசுதான். 1796-இல் கிரீனிச்சில் கின்னபுரூக் என்ற உதவியாளர், நட்சத்திரம் கம்பியைக் கடக்கும் நேரத்தைத் தலைமை வானியலாளர் மாஸ்கலைனைவிட 0.8 வினாடி தாமதமாகக் குறிக்கிறார் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். பிற்பாடு, 1820-களில், பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் வானியலாளர்களையே ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாருக்கும் தனித்தனித் தாமதம் இருந்தது. அதற்குப் பிறகு வானியல் ஆளைத் துரத்துவதை விட்டு, ஆளை அளக்க ஆரம்பித்தது. நம் பிராக்டிக்கல் ஹால் இன்னும் 1796-லேயே இருக்கிறது.

"பேசுறது ஈஸி. நாப்பது பிள்ளைங்க, நாலு ஸ்டாண்டு, ரெண்டு மணி நேரம். டீச்சர் என்ன பண்ணுவாங்க?" நியாயமான கேள்வி. அவர்களும் எக்ஸ்டர்னல் வந்து பார்க்கும் எண்ணுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் நான் கேட்பதற்குப் புதுக் கருவி வேண்டாம். பிளஸ் ஒன் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே ஊசலின் ஐந்து ரீடிங் கொடுத்து, 2.42-லிருந்து 2.80 வரை சிதறவிட்டு, 2.62, கூட்டல் கழித்தல் 0.11 என்று முடிக்கும் கணக்கு இருக்கிறது. தியரியில் சிதறினால் ஐந்து மார்க் கேள்வி. லேபில் சிதறினால் குற்றம். ஒரே பாடத்துக்குள் இப்படி இரட்டை வேடம் போடுகிறோம்.

இது வெறும் பள்ளிக்கூடக் கவலை இல்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகள் ஒரு புரோகிராம் எவ்வளவு வேகம் என்று சோதித்துவிட்டு "142.37 மில்லிசெகண்ட்" என்பார்கள். "எத்தனை தடவை ஓட்டினீங்க?" "ஒரு தடவைதான்ணா." அடுத்த தடவை ஓட்டினால் 190 வரும். அவர்கள் திறமையற்றவர்கள் இல்லை. எண் என்றால் ஒன்றுதான், ஏற்ற இறக்கம் என்றால் அவமானம் என்று பதினாறு வயதில் பழகியவர்கள். இதே பழக்கத்தோடு ஒருவர் மருந்துச் சோதனைக்குப் போவார், ஒருவர் பாலத்துக்கு கான்கிரீட் சோதிக்கப் போவார். அங்கேயும் 'வர வைப்பார்'.

முடிவு வரியில் இரண்டு எண்கள் கேளுங்கள்: என்ன வந்தது, எவ்வளவு சிதறியது. சிதறல் எங்கிருந்து வந்தது என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். 'மனிதப் பிழை' என்று எழுதினால் மார்க் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 9.4 ± 0.5 எழுதியவளுக்கு முழு மதிப்பெண் போடுங்கள். கூட்டல் கழித்தல் இல்லாமல் 9.80 எழுதியவனிடம் மட்டும் ஆப்சர்வேஷன் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.